பதினெட்டு டிகிரி

இந்த ஊரில் வண்டிக்குப் பெயர் பக்கி.
பின்னால் பெட்டிக்கு ஒன்றாக ஊளையிடுவதும்
ஆறு பக்கிகள்.
மாரிட்ஸ்பர்க், ஜூலை, ராத்திரி இரண்டு மணி.
எதிர்வீட்டு மிஸ்டர் வீராசாமி விளக்கைப் போடுகிறார்,
அணைக்கிறார், மறுபடி போடுகிறார்.
வசவுக்கென்று அவர் வாயைத் திறப்பதில்லை.

பூபாலன் ஓட்டுகிறான்.
நான் டார்ச்சைக் கவ்விக்கொண்டு
மிளகாய் கடித்துப் பிய்த்த சேணத்தைத் தைக்கிறேன்.
புல்வர் மலையில் மூடுபனி. ஊசி இரண்டு முறை விரலில்.
ஹஸ்கி மூன்று, பாதி ஹஸ்கி இரண்டு,
என்ன சாதியென்று எவருக்கும் தெரியாத லோட்ஷெடிங் ஒன்று:
கரி நிறம், அநாதை நாய் விடுதியில் எடுத்தது,
இருப்பதிலேயே வேகம்.

அண்டர்பெர்க் பைன் காட்டு மண்பாதை.
சறுக்குவண்டி என்பதெல்லாம் பெயருக்குத்தான்,
எங்களுடையதற்கு மூன்று சக்கரம், சைக்கிள் பிரேக்.
உறைபனியை இந்த நாய்கள் பார்த்தது
டிராக்கென்ஸ்பெர்க்கின் தூரத்து நெற்றியில்
விபூதி அளவுக்கு.

போன வருஷம் பக்கத்து அணிக்காரன் "ஹா" என்று கத்த
எங்கள் ஆறும் அவன் பேச்சைக் கேட்டு
இடப்பக்கப் பள்ளத்தில் இறங்கின.
நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில்
என் மெஷினிலேயே என் தோளைப் படமெடுத்தார்கள்.
அதற்குப் பிறகு
வலது சோத்தாங்கை, இடது பீச்சாங்கை.
பூபாலனுக்குத் தெரிந்த தமிழில் பாதி
இப்போது நாய்களுக்கும் தெரியும்.

கட்டும்வரைதான் கூச்சல்.
குதிப்பு, கடி, கயிற்றையே மென்று தின்னும் வெறி.
அச்சார் மட்டும் முன்னால் நின்று
காதைத் திருப்பி என் மூச்சைக் கேட்கும்.
"போ."
கயிறு விறைக்கும்.
ஆறு தொண்டையும் அந்த நொடியில் அடைத்துப்போகும்.
பிறகு மண்ணில் நகம், சரளையில் சக்கரம்,
அவ்வளவுதான் சத்தம்.
எக்ஸ்ரே அறையில் தினம் நாற்பது தடவை சொல்கிறேன்:
இழுங்க, பிடிங்க, விடுங்க.
இங்கே மட்டும் எனக்கு யாரோ சொல்கிறார்கள்.

இப்படிப் பதினோரு வாரம்.
மீன் எண்ணெய், கால் உறை, பாதத்துக்கு வாசலின்,
அக்கா மகள் கல்யாணத்துக்குப் போகாதது.
அக்கா அதை மறக்கவில்லை, என்னை மறக்க விடவுமில்லை.

பந்தய நாள் விடியுமுன்னே காற்று மாறியது.
நடுக் குளிர்காலத்தில் மலைக்குப் பின்னாலிருந்து
அடுப்பு மூடியைத் திறந்தாற்போல் இறங்கும்,
பெர்க் விண்ட் என்பார்கள்.
மரீக்கி நிழலில் தொங்கவிட்ட தெர்மாமீட்டரைச் சுற்றி
பந்திக்கு இலை போடக் காத்திருப்பவர்போல் நின்றோம்.
ஆறரைக்குப் பதினாறு.
ஏழுக்குப் பதினேழரை.
யாரோ அதன்மேல் ஊதிப் பார்த்தார், யாரும் சிரிக்கவில்லை.
ஏழேகாலுக்குப் பத்தொன்பது.
பதினெட்டைத் தாண்டினால் நாயை ஓட்டக்கூடாது, சட்டம்.
அந்தச் சட்டத்துக்கு
முதலில் கை தூக்கியவள் நான்.

நாய்களுக்கு எப்படிச் சொல்வது?
சேணத்தோடு நின்று ஊளையிட்டன.
ஓடினால்தானே அது நிற்கும்.
ஒவ்வொன்றாய் உம்சிம்குலு ஆற்றில் இறக்கினோம்.
லோட்ஷெடிங் தண்ணீரைக் கடித்தது.
அச்சார் வயிறு நனைய உட்கார்ந்துகொண்டு
என் பக்கம் திரும்பவேயில்லை.

புல்வர் பங்கில் கண்ணாடி துடைத்தவர் கேட்டார்,
இதெல்லாம் என்ன செய்யும்?
இழுக்கும்.
எதை?
என்னை.
துணியை நிதானமாகப் பிழிந்தார். எங்கே?
பூபாலன் என்னைப் பார்த்தான்.
பின்னால் இன்னும் ஊளை.
செவ்வாய்க்கிழமை ராத்திரிக்கு வேணும், என்றேன்,
டாங்கை நிரப்புங்க.